காபி டம்ளரைப் பார்த்து "சாவி" என்றால்

காலையில் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே அப்பா "இந்தச் சாவி ஆறிவிட்டது" என்கிறார். திருத்தினால் எரிச்சல் வருகிறது. மறுபடியும் அதே சொல். தூக்கக் கலக்கம், வயது என்று தயவுசெய்து தள்ளிவிடாதீர்கள். பேச்சு திடீரெனக் குழறினாலும், சொல் மாறினாலும், நாம் பேசுவது புரியாமல் விழித்தாலும் அது பக்கவாதமாக இருக்கலாம். கை, கால் நன்றாக இயங்கும்போதும் இப்படி நேரும்.

பேனாவைக் காட்டிப் பெயர் கேளுங்கள். ஒரு சிறு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தடுமாறினால், உடனே 108. மாத்திரை, தண்ணீர் எதுவும் கொடுக்க வேண்டாம்; புரையேறிவிடும். கடைசியாக எத்தனை மணிக்குச் சரியாகப் பேசினார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மூளையின் ரத்தக்குழாயை அடைத்திருக்கும் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அந்த நேரத்திலிருந்து 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். பத்து நிமிடத்தில் பேச்சு தானாகத் திரும்பிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

இன்னொன்று, என் மனத்தை மிகவும் வருத்துவது: சொல் வராதவருக்கு அறிவே போய்விட்டதென்று எண்ணி, அவர் எதிரிலேயே அவரைப் பற்றிப் பேசுகிறார்கள். பல நேரம் அவருக்கு எல்லாம் புரிந்துகொண்டிருக்கும்.