கீபோர்டில் முதல் பாட்டு: ‘டோ ரே மி’

புதிதாக கீபோர்டு வாங்கிவிட்டு எந்தப் பாட்டில் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றைத்தான்: ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ என்ற இசை நாடகத்தில் வரும் ‘டோ ரே மி’. ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் இசை, ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் வரிகள். 1959இல் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் மேரி மார்ட்டின் பாடினார். 1965இல் வந்த படத்தில் ஜூலி ஆண்ட்ரூஸ். கதையில், பாடவே தெரியாத ஏழு பிள்ளைகளுக்கு நாயகி மரியா ஸ்வரம் சொல்லித்தரும் பாட்டு இது. அதனால் பாடமும் இதுதான், பாட்டும் இதுதான்.

முதலில் இரண்டு முறை கேளுங்கள். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியைவிட ஒரு ஸ்வரம் மேலே தொடங்கும். படத்தில் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரத்து மிராபெல் தோட்டப் படிக்கட்டில் பிள்ளைகள் ஏறி இறங்கிப் பாடுவதைப் பார்த்தால் இது சட்டென்று புரியும்.

சரி, இப்போது கை. கீபோர்டின் நடுப்பகுதியில் இரண்டு கறுப்புக் கட்டைகள் ஜோடியாக இருக்கும். அவற்றுக்கு ஒட்டி இடப்பக்கம் உள்ள வெள்ளைக் கட்டைதான் டோ, அதாவது நம் ச. டோ ரே மி ஃபா சோ லா டி என்றால் நம் ச ரி க ம ப த நி. வலக்கை கட்டைவிரலை அதில் வையுங்கள். மற்ற நான்கு விரல்களும் ரி, க, ம, ப மேல் தானாக உட்காரும்.

முதல் வரி: ச ரி க ச க ச க. தாளத்தை நெடில், குறிலாக நினைத்துக்கொள்ளுங்கள். ச நீளம், ரி குட்டை. க நீளம், ச குட்டை. அடுத்த இரண்டும் சமம். கடைசி க நன்றாக இழுக்கும். இரண்டாவது வரி: ரி க ம ம க ரி ம. மூன்றாவது, முதல் வரியின் அதே நடைதான், க-வில் தொடங்கும். இதுவரை கையை நகர்த்தவே வேண்டாம். நான்காவது வரி, இரண்டாவது வரியின் அதே நடையில், ம-வில் தொடங்கி த வரை போகும். அதற்குக் கட்டைவிரலை ம-வுக்கு மாற்றுங்கள்.

ஐந்தாவது வரியில் கொஞ்சம் நிதானம் வேண்டும். கையைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து சுண்டுவிரலால் ப, உடனே கீழே ச-வுக்கு இறங்கி ச ரி க ம ப த என்று ஏற வேண்டும். க-வில் நடுவிரல் இருக்கும்போதே கட்டைவிரலை அதன் அடியில் நுழைத்து ம-வைப் பிடியுங்கள். இதை மட்டும் இருபது முறை மெதுவாகச் செய்யுங்கள். ஆறாவது, ஏழாவது வரிகளுக்கும் விரல் வரிசை இதுவேதான்.

ஆறாவது வரி: த, பிறகு ரி க ம ப த நி. இங்கே ம வெள்ளைக் கட்டை இல்லை, அதற்கு வலப்பக்கக் கறுப்புக் கட்டை. நம் கணக்கில் பிரதி மத்யமம், அதாவது சற்றே உயர்ந்த ம. தொடங்கும் இடம் உயர்ந்தாலும் படிகளின் இடைவெளி மாறக்கூடாது என்பதால்தான் கறுப்புக் கட்டை வருகிறது. ஏழாவது வரியில் இரண்டு கறுப்பு: நி, பிறகு க, அதே ம, ப-வுக்கு வலப்பக்கக் கறுப்பு, த நி ச. ராட்ஜர்ஸ் இந்த இடத்தில் வைத்திருக்கும் ஏற்றம் எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்ப்பைத் தருகிறது.

வாசிக்கும்போது ஸ்வரத்தை வாய்விட்டுப் பாடுங்கள். டோ பெண்மான், ரே வெயில் கீற்று என்று ஒவ்வொன்றுக்கும் அதேபோல் ஒலிக்கும் ஆங்கிலச் சொல்லைப் பிடித்த ஹாமர்ஸ்டைன், லா-வை மட்டும் ‘சோ’வுக்கு அடுத்தது என்று சொல்லிக் கடந்துவிடுகிறார். அந்த ஒன்றைத்தான் நீங்களாக நினைவில் வைக்க வேண்டும்.

ஏழு வரியும் கைக்கு வந்த பிறகு பாட்டின் அடுத்த பகுதிக்குப் போங்கள். அங்கே மரியா வரிசையைக் கலைத்துவிடுவாள்: சோ டோ லா ஃபா மி டோ ரே.