நிலநடுக்கப் பதிவுகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2004 டிசம்பர் 25ஆம் தேதி முல்லைத்தீவுக் கரையில் நின்று, "கடல் ஊருக்குள் வருமா?" என்று கேட்டிருந்தால், "அப்படி வந்ததேயில்லை" என்றுதான் பதில் வந்திருக்கும். பொய்யில்லை, நிலநடுக்கமும் சுனாமியும் வந்தது மறுநாள்தான். அப்பப்பா சொன்னது, அவருக்கு அவருடைய அப்பா சொன்னது என்று பின்னால் போனாலும் நூற்றைம்பது வருசத்தைத் தாண்டாது. பெரிய தவறு அங்கேதான் தொடங்குகிறது: தெரிந்த காலத்தில் நடக்காததை, நடக்கவே நடக்காது என்று எடுத்துக்கொள்வது.

எழுத்துப் பதிவும் நம்மை அப்படித்தான் ஏமாற்றும். 1881இல் நிக்கோபார் பக்கம் 7.9 அளவில் ஒரு நிலநடுக்கம். 1941இல் அந்தமானில் இன்னொன்று. அங்கே வரக்கூடியது இவ்வளவுதான் என்று நினைக்கத் தோன்றும். 2004இல் சுமாத்திராவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 1300 கிலோமீற்றருக்குக் கடலடித் தட்டு நழுவியது. அளவு 9.1. எண்ணில் வித்தியாசம் சின்னது, வெளிவந்த சக்தியோ 1881ஐப் போல அறுபது மடங்குக்கு மேல். ஐந்து மாரியைப் பார்த்துவிட்டு இரணைமடுக் குளக்கட்டு எவ்வளவு உயரம் வேண்டும் என்று நாம் முடிவு செய்வோமா?

மண்ணிலுள்ள பதிவு இன்னும் நீளம். அம்பாந்தோட்டைப் பக்கம் கரகன் களப்பில் குழாய் இறக்கி எடுத்த சேற்றுக்கு நடுவே கடல்மணல் படை படையாக இருந்தது. ஒவ்வொரு படையும் கடல் ஏறி வந்த ஒரு நாள். அப்படிச் சுமார் 7000 ஆண்டுகள். படைகளுக்கு இடையிலான காலம் ஒரே அளவில் இல்லை, சில படைகளுக்கு இடையே சில நூறு வருசம், சிலவற்றுக்கு இடையே அதைவிட மிக நீளம்.

அதனால் சராசரி இடைவெளியை பஸ் நேர அட்டவணை போல வாசிக்கவும் கூடாது. கலிபோர்னியாவின் பார்க்ஃபீல்டில் 1857 முதல் 1966 வரை ஆறு நடுக்கங்கள், சராசரி 22 வருசம். அடுத்தது 1993க்குள் வரும் என்று கருவிகளோடு காத்திருந்தார்கள். வந்தது 2004இல்.

இன்னொன்று எங்கள் பக்கத்துத் தவறு. 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6. எச்சரிக்கை வந்தது, சனம் ஓடியது, பெரிய அலை வரவில்லை. "அண்டைக்கும் சும்மாதானே ஓடினோம்" என்று இப்போதும் சிலர் சொல்கிறார்கள். அன்று கடலடித் தளம் பக்கவாட்டில் நழுவியது, 2004இல் போல மேலே எழும்பித் தண்ணீரைத் தள்ளவில்லை. இந்த வித்தியாசம் கரையில் வலை காயப்போடுகிறவருக்குத் தெரிய வழியில்லை. 2004இல் நடுக்கத்துக்கும் அலைக்கும் இடையே எங்களுக்கு இரண்டு மணித்தியாலம் போல இருந்தது. அறிவிப்பு வந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முதலில் மேட்டுக்குப் போங்கள். எந்த வகை நடுக்கம் என்று அங்கே போய் இருந்து கேட்கலாம்.