மிஷன் காம்பவுண்டு நண்பர்களோடு பூர்வீக வீட்டைத் தேடிச் செல்வது எப்படி

வேலூர், ராணிப்பேட்டை, ஆரணி, காட்பாடி ஆகிய ஊர்களின் மிஷன் காம்பவுண்டுகளிலும் (கிறிஸ்தவ மிஷன் குடியிருப்பு வளாகங்கள்) போர்டிங் பள்ளிகளிலும் ஒன்றாக வளர்ந்தவர்கள் மீண்டும் சந்திக்க நாள் குறிக்கும்போது, சந்திப்புக்கு ஒரு நாளும் சொந்த ஊருக்கு இன்னொரு நாளுமாகப் பிரித்துவிடுகிறார்கள். பூர்வீக வீட்டுக்கும் பழைய நண்பர் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். கோடை விடுமுறையில் உங்களோடு அங்கே வந்து தங்கிய தோழர், நீங்கள் மறந்துபோன கிணற்றையும் சந்துகளையும் நினைவில் வைத்திருப்பார்.

முதலில் எது பூர்வீக ஊர் என்பதைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். 1853-இல் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கிய ஆற்காடு மிஷனின் பணியில் இருந்த ஆசிரியர்களும் உபதேசியார்களும் (சபையில் போதிக்கும் ஊழியர்கள்) ஊர் ஊராக மாற்றப்பட்டதால், நாம் 'எங்கள் வீடு' என்று எண்ணியிருப்பது பெரும்பாலும் மிஷனுக்குச் சொந்தமான குடியிருப்பே. தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதைச் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டிலும் திருமணப் பதிவேட்டிலும் தேடலாம். உத்தேச ஆண்டையும் பெற்றோர் பெயரையும் குறித்துப் பாஸ்டர் ஐயாவுக்கு முன்கூட்டியே கடிதம் எழுதுங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்தவுடன் போய் நின்று பதிவேட்டைக் கேட்பது அவருக்குச் சிரமம்.

பழைய ஆவணத்தில் 'வட ஆற்காடு ஜில்லா' என்று மட்டும் இருந்தால் தாலுகாவின் பெயரைத் தேடுங்கள். 1911 வரை சித்தூரும் இந்த ஜில்லாவில்தான் இருந்தது; 1989-இல் திருவண்ணாமலைப் பகுதி பிரிந்தது; 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. பழைய சர்வே எண் இன்றைய பட்டாவோடு பொருந்தாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் விசாரிக்கலாம்.

ஊருக்குள் விசாரிக்கும்போது ஞானஸ்நானப் பெயரைச் சொன்னால் பலருக்கும் விளங்காது. தாத்தாவின் பெயரைச் சொல்லி நான் தெருத் தெருவாக அலைந்த பிறகு, உடன் வந்த நண்பர்தான் திண்ணையில் இருந்த பெரியவரிடம், "ஐயா, அந்தக் காலத்து உபதேசியார் வீடு எது?" என்று கேட்டார். பெரியவர் உடனே எழுந்து வழிகாட்டினார்.

வாசலில் செய்த தவறு என்னுடையது. கையில் பழைய பத்திர நகலை வைத்துக்கொண்டு, "இது எங்கள் தாத்தா வீடு" என்று சொன்னவுடன் அந்த வீட்டம்மாவின் முகம் மாறியது. பங்கு கேட்டு வந்திருக்கிறோம் என்று அவர் அஞ்சியதில் நியாயம் இருந்தது. எனவே ஆவணங்களை வண்டியிலேயே வைத்துவிடுங்கள். "சொத்து விஷயமாக வரவில்லை அம்மா, ஒரு முறை பார்த்துவிட்டுப் போக வந்தோம்" என்பதையே முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், அவர்கள் அழைத்த பிறகு உள்ளே செல்லுங்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். நான் அப்படிச் சொன்ன பிறகே அவர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே, நாட்டு ஓட்டுக்குக் கீழே உத்திரத்தில் ஓர் இரும்புக் கொக்கி துருவேறித் தொங்கியது. என் அப்பாவுக்குத் தூளி கட்டிய கொக்கி அது. தன் பேரனுக்கும் அதிலேயே தூளி கட்டியதாக அந்த அம்மா சொன்னபோது என்னால் பேச முடியவில்லை.

கோடை வெயிலில் முதியவர்களை அலைக்கழிக்க வேண்டாம்; ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் நல்லவை. வெளியூரிலிருந்து வருபவர்களுக்குக் காட்பாடி சந்திப்பில் இறங்குவது வசதி. கல்லறைத் தோட்டத்துக்கும் போவதென்றால் காலையிலேயே சென்றுவிடுங்கள். எழுத்துத் தேய்ந்த கல்லின்மேல் இளவெயில் சாய்வாக விழும்போது பெயர்களைப் படிக்க முடிகிறது. ஊர் திரும்பியதும், அந்த வீட்டு வாசலில் எல்லோரும் சேர்ந்து எடுத்த படத்தை அச்சிட்டு, பின்புறம் பெயர்களை எழுதி, வீட்டில் இப்போது குடியிருப்பவர்களுக்கும் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள்.