கணக்கும் சிமுலேஷனும் ஒத்துப்போகலையா? வகுத்துப் பாருங்க

சர்க்யூட்டுக்குக் கையால் போட்ட விடையும் ஸ்பைஸ் (சர்க்யூட்டைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன் மென்பொருள்) காட்டும் விடையும் ஒத்துப்போகலைன்னா, சர்க்யூட்டை மறுபடி வரையாதீங்க. ஒன்றை மற்றொன்றால் வகுங்க. அந்த விகிதமே பெரும்பாலும் தப்பைக் காட்டிக்கொடுத்துடும்.

1.414 வந்தால் ஆர்எம்எஸ் (ஏசியின் பயனுறு மதிப்பு), பீக் (உச்ச மதிப்பு) குழப்பம். சைன் சோர்ஸில் ஸ்பைஸ் கேட்பது பீக் மதிப்பு. வீட்டு மின்சாரம் 230 வோல்ட்னா 325னு கொடுக்கணும். 6.28 (அதாவது 2π) வந்தால் விநாடிக்கு இத்தனை ரேடியன் என்பதை ஹெர்ட்ஸாக எடுத்திருக்கீங்க: 1 கிலோ ஓம், 1 மைக்ரோஃபாரட் ஃபில்டரின் கட்ஆஃப் (சிக்னலைக் குறைக்கத் தொடங்கும் எல்லை அதிர்வெண்) 1000 ஹெர்ட்ஸ் இல்லை, 159. கழித்தல் குறி மட்டும் வந்தால் பயப்பட வேண்டாம். வோல்டேஜ் சோர்ஸின் பிளஸ் முனை வழியாக உள்ளே போகும் கரண்டைத்தான் ஸ்பைஸ் பாசிட்டிவ்னு எண்ணும். 100 கோடி மடங்கு வித்தியாசமா? ரெசிஸ்டரில் மெகா ஓம்னு நினைத்து '1எம்' (1M)னு போட்டிருப்பீங்க. ஸ்பைஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒண்ணுதான், எம்னா மில்லி. மெகா ஓமுக்கு 'மெக்' (Meg)னு எழுதணும். இதில் மாட்டாதவங்க அபூர்வம்!

ஏன் பலிக்குதுன்னா, லீனியர் சர்க்யூட்டில் (உள்ளே கொடுப்பதை இரட்டித்தால் விடையும் இரட்டிக்கும் சர்க்யூட்) இந்த மாதிரித் தப்பு பெரும்பாலும் விடையை ஒரு நிலையான எண்ணால் பெருக்கிவிடும்.

டயோடு, டிரான்சிஸ்டர் இருந்தால் இது செல்லாது. 1 வோல்ட், 1 கிலோ ஓம், ஒரு டயோடு: டயோடில் 0.7 வோல்ட் போகும்னு வைத்தால் 0.3 மில்லிஆம்பியர், ஸ்பைஸின் டீஃபால்ட் டயோடு சுமார் 0.37 காட்டும். அங்கே தோராயமாக இருப்பது நம்ம 0.7தான்.