இன்னொரு கணினியின் எஸ்எஸ்டியை நம் கணினியில் இணைப்பது: என்விஎம்இ ஓவர் டிசிபி

இரண்டு லினக்ஸ் கணினிகள், நடுவில் ஒரு 10 ஜிகாபிட் ஸ்விட்ச். ஒன்றில் சும்மா கிடக்கும் எஸ்எஸ்டியை மற்றதில் உள்ளேயே மாட்டியதுபோலப் பயன்படுத்த வேண்டும். என்விஎம்இ என்பது கணினி எஸ்எஸ்டியோடு பேசும் முறை; அதையே சாதாரண டிசிபி நெட்வொர்க் வழியே அனுப்புவதுதான் என்விஎம்இ ஓவர் டிசிபி. லினக்ஸ் கர்னல் 5.0 முதலே இதற்கான வசதி இருக்கிறது. ஐபி முகவரி கொடுப்பது, ரூட் அனுமதி எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

பழைய சாட்டா டிஸ்க்குகளோடு பேசும் ஏஹெச்சிஐ முறையில் கட்டளைகள் காத்திருக்க ஒரே வரிசை (க்யூ), அதில் 32 கட்டளைகள். என்விஎம்இயில் 65,535 வரிசைகள் வரை போகலாம். நெட்வொர்க்கில் ஒவ்வொரு வரிசைக்கும் தனி டிசிபி இணைப்பு. சிபியு கோர்கள் ஒன்றுக்கொன்று காத்திருப்பதில்லை. வேகத்தின் ரகசியம் இதுதான். ஒரு கணினியின் நினைவகத்தை இன்னொன்று நேரடியாக அணுகும் ஆர்டிஎம்ஏ வழியில் தாமதம் இன்னும் குறையும், ஆனால் அதற்கென்றே கார்டு வேண்டும், ஸ்விட்சையும் கவனமாக அமைக்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு டிசிபியைத்தான் சொல்வேன்.

படி 1. எஸ்எஸ்டி இருக்கும் கணினியில் என்விஎம்இடி-டிசிபி (nvmet-tcp) கர்னல் மாட்யூலை ஏற்றுங்கள். கர்னல் அமைப்புகளை ஃபோல்டர்களாகக் காட்டும் கான்ஃபிக்எஃப்எஸ்ஸில் சப்சிஸ்டம் (பகிரும் தொகுப்பு), அதற்குள் நேம்ஸ்பேஸ் (பகிரும் டிஸ்க்), தனியாக ஒரு போர்ட் (நெட்வொர்க் வாசல்) என ஃபோல்டர்களை உருவாக்குங்கள். நேம்ஸ்பேஸில் டிஸ்க்கின் பாதையை எழுதி எனேபிள் செய்யுங்கள். போர்ட்டில் ஐபி முகவரியும் 4420 என்ற டிசிபி போர்ட் எண்ணும் எழுதுங்கள். எந்தக் கணினி இணையலாம் என்பதையும் சப்சிஸ்டத்தில் குறிப்பிடுங்கள். கடைசியாக சப்சிஸ்டத்தைப் போர்ட்டோடு சிம்லிங்க் செய்யுங்கள். இதற்கெல்லாம் என்விஎம்இடிசிஎல்ஐ (nvmetcli) என்ற தனிக் கருவி உண்டு. இருந்தாலும் முதல் தடவை கையால் செய்யுங்கள். எது எதோடு ஒட்டுகிறது என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

படி 2. எம்டியூ. ஒரு பொட்டலத்தில் (பாக்கெட்) அதிகபட்சம் எத்தனை பைட் போகலாம் என்ற அளவு இது. இங்கேதான் நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன்.

வேகத்துக்காக இரண்டு கணினிகளிலும் எம்டியூவை 9000 ஆக்கியிருந்தேன். பிங் போனது. 4420 போர்ட்டும் திறந்திருந்தது. ஆனால் எதிர்முனையில் என்ன கிடைக்கும் என்று கேட்கும் டிஸ்கவர் கட்டளை (படி 3) கொடுத்தால் பதிலே வராமல் அப்படியே நின்றது. ஸ்விட்சில் எம்டியூ 1500 ஆகவே இருந்ததுதான் காரணம். இணைந்ததும் கணினி கேட்கும் 'நீ யார்' என்ற முதல் கேள்விக்கு எதிர்முனை தரும் பதில் 4096 பைட். இரு முனைகளும் பெரிய பொட்டலத்துக்கு ஒப்புக்கொண்டதால் அது ஒரே பொட்டலமாகக் கிளம்பியது. ஸ்விட்ச் அதைச் சத்தமில்லாமல் கீழே போட்டது. சாதாரண பிங் சின்னது என்பதால் தப்பித்துப் போய்க்கொண்டே இருந்தது.

அதனால் பிங்கில் துண்டாக்கக் கூடாது என்ற விருப்பத்தோடு 8972 பைட் அனுப்பிப் பாருங்கள். 9000இல் ஐபி தலைப்புக்கு 20, ஐசிஎம்பிக்கு 8 போக மீதி அது. இரண்டு பக்கத்திலிருந்தும் அனுப்புங்கள். பதில் வந்தால்தான் அடுத்த படி.

படி 3. மறு கணினியில் என்விஎம்இ-சிஎல்ஐ (nvme-cli) என்ற கருவியை நிறுவி, டிஸ்கவர், அப்புறம் கனெக்ட். புதிய டிஸ்க் பட்டியலில் வந்துவிடும். வேகத்தை அளக்க ஃபியோ (fio) என்ற கருவிதான் சரி. டிடி (dd) கட்டளை ஒன்றன்பின் ஒன்றாகவே எழுதும், வரிசைகள் நிரம்பாது.

சேர்க்கை: ரீபூட் செய்ததும் எல்லாம் காணோம் என்று சிலர் கேட்டிருந்தார்கள். கான்ஃபிக்எஃப்எஸ் நினைவகத்தில் மட்டுமே இருப்பது. என்விஎம்இடிசிஎல்ஐயில் சேமித்து, பூட் ஆகும்போது மீட்கச் சொல்லுங்கள். ஒருவர் ஒரே டிஸ்க்கை இரண்டு கணினிகளில் மவுண்ட் செய்து ஃபைல்களை இழந்திருக்கிறார். இது ஃபைல் பகிர்வு அல்ல, வெறும் டிஸ்க். எக்ஸ்ட்4 (ext4) ஃபைல் சிஸ்டம் போட்டிருந்தால் ஒரு சமயத்தில் ஒரு கணினியில் மட்டும் மவுண்ட் செய்யுங்கள்.