பொறியியல் கணிதம்: யூனிட்டைச் சாய்ஸில் விடாதீர்கள்

ஒவ்வொரு செமஸ்டரிலும் புதிதாக வரும் மாணவர்கள், நாங்கள் படித்த காலத்துத் தவறுகளையே வரிசை மாறாமல் செய்வதைப் பார்க்கிறேன். கடைசி நாளில் படிப்பது, வகுப்பில் குறிப்பு எடுக்காமல் இருப்பது போன்றவற்றை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, விட்டுவிடுகிறேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் 2021 ஒழுங்குமுறையின்படி படிப்பவர்கள், கணிதத் தாளின் விதிகளைச் சரியாகத் தெரிந்துகொள்ளாததால் இழக்கும் மதிப்பெண்களைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

இன்டர்னலை எண்ட் செம்மில் சரிக்கட்டிவிடலாம் என்று நினைப்பது

2017 ஒழுங்குமுறையில் இன்டர்னல், அதாவது கல்லூரியே போடும் மதிப்பெண், 20, எண்ட் செம் எனப்படும் பல்கலைக்கழகத் தேர்வு 80. அப்போது படித்த அண்ணன்மார் "இன்டர்னல் எல்லாம் பெரிய விஷயமில்லைடா" என்று சொன்னால், அவர்கள் காலத்துக்கு அது ஓரளவு சரி. 2021 ஒழுங்குமுறையில் இன்டர்னல் 40, தேர்வு 60. அந்த 40 இரண்டு மதிப்பீடுகளிலிருந்து வருகிறது. ஒவ்வொன்றும் நூற்றுக்கு நடக்கும்: எழுத்துத் தேர்வுக்கு 60, அசைன்மென்ட், செமினார் போன்றவற்றுக்கு 40. பக்கத்து பெஞ்சைப் பார்த்துக் கடைசி மணி நேரத்தில் கிறுக்கித் தரும் அசைன்மென்டுக்கு எவ்வளவு எடை என்று பாருங்கள்.

தேற வேண்டுமானால் இரண்டு நிபந்தனைகள். பல்கலைக்கழகத் தேர்வில் நூற்றுக்கு 45 வேண்டும், அந்த மதிப்பெண்ணை 60-க்குச் சுருக்கி இன்டர்னலோடு சேர்த்தால் மொத்தம் 50 வேண்டும். இன்டர்னலில் 23 இருந்தால் தேர்வில் 45 எடுத்தாலே போதும். இன்டர்னல் 15 என்றால், அதே தேர்வில் 59 எடுத்தாக வேண்டும். இந்த 59-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பகுதியில் தேவைப்படும்.

யூனிட்டையே சாய்ஸில் விடுவது

இத்தனை வருடங்களுக்குப் பிறகும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். "சார், மூணு யூனிட் நல்லா பார்த்துட்டேன், ரெண்டைச் சாய்ஸ்ல விட்டுட்டேன்" என்று தேர்வுக்கு முந்தைய வாரம் ஒருவன் வந்து நிற்காத செமஸ்டர் இல்லை. அவனிடம் இதை யாரோ ஓர் அறிவுரையாகவே சொல்லியிருப்பார்கள்.

இந்தப் பழக்கம் பிளஸ் டூவிலிருந்து வருகிறது. அங்கே இரண்டு மதிப்பெண், மூன்று மதிப்பெண் பகுதிகளில் பத்துக் கேள்வி கொடுத்து ஏழு எழுதச் சொல்வார்கள். ஒரு பாடத்தை விட்டாலும் வேறு பாடத்துக் கேள்வியை வைத்துச் சமாளிக்கலாம். இங்கே அப்படி இல்லை. கணிதத் தாளில் பகுதி அ-வில் பத்து இரண்டு மதிப்பெண் கேள்விகள், யூனிட்டுக்கு இரண்டு வீதம். எதையும் விட முடியாது. பகுதி ஆ-வில் ஐந்து பதினாறு மதிப்பெண் கேள்விகள். ஒவ்வொன்றிலும் (அ) அல்லது (ஆ) உண்டுதான், ஆனால் இரண்டும் ஒரே யூனிட்டிலிருந்து வருபவை. அதாவது சாய்ஸ் யூனிட்டுக்குள்ளேதான் இருக்கிறது. ஒரு யூனிட்டை விட்டால் 4-ம் 16-ம் சேர்ந்து 20 மதிப்பெண் போகிறது. இரண்டை விட்டால் 40. மீதி 60-க்குள் 45 எடுக்க வேண்டும். இன்டர்னல் 15 வாங்கியவன் அந்த 60-க்கு 59 எடுக்க வேண்டும்! இந்தக் கணக்கைப் போர்டில் எழுதிக் காட்டும்போது வகுப்பு அமைதியாகிவிடும். ஆனாலும் அடுத்த செமஸ்டரில் அதே வகுப்பிலிருந்து நாலு பேர் இதையே செய்வார்கள்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. மெக்கானிக்கல், சிவில் மாணவர்களுக்கு மூன்றாம் செமஸ்டரில் வரும் டி.பி.டி.இ. (உருமாற்றங்களும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளும்) தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் யூனிட் ஃபூரியர் தொடர். மூன்றாம் யூனிட் அலைச் சமன்பாடும் வெப்பச் சமன்பாடும். ஃபூரியர் தொடரை விட்டவன் ஒரு யூனிட்டைத்தான் விட்டதாக நினைத்துக்கொண்டிருப்பான்.

இறுதி ஆண்டு மாணவன் ஒருவன் இந்தத் தாளில் அரியரோடு என்னிடம் வந்தான். விடைத்தாள் நகலையும் கொண்டுவந்திருந்தான். மூன்றாம் யூனிட் கேள்வி, இரு முனையிலும் கட்டிய கம்பி. அலைச் சமன்பாட்டை எழுதியிருக்கிறான், மூன்று தீர்வுகளையும் எழுதிப் பொருத்தமானதைத் தேர்ந்தெடுத்திருக்கிறான், மூன்று எல்லை நிபந்தனைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டிருக்கிறான். கையெழுத்துகூட அழகு. நான்காவது நிபந்தனையில் நின்றுவிட்டான். அதற்குக் கீழே பாதிப் பக்கம் வெற்றுத்தாள்.

"இதுக்கு மேல என்னப்பா?"

"அது ஹாஃப் ரேஞ்ச் சைன் சீரிஸ் சார். யூனிட் டூ. நான் படிக்கல."

கம்பியின் தொடக்க நிலை k(lx − x²) என்று கொடுத்திருந்தார்கள். அதை அரைவீச்சு சைன் தொடராக விரித்தால் n ஒற்றையாக இருக்கும்போது கெழு 8kl²/(n³π³), இரட்டையாக இருக்கும்போது பூஜ்யம். பெர்னூலி சூத்திரத்தைப் போட்டுப் பகுதித் தொகையிடல் செய்தால் ஏழெட்டு வரியில் முடிந்துவிடும். அந்த வரிகள் தெரியாததால் இரண்டாம் யூனிட்டின் 20 முழுதாகப் போனது, மூன்றாம் யூனிட்டின் பதினாறிலும் ஒரு பெரிய பங்கு போனது. அவன் சோம்பேறி இல்லை. கடினமான யூனிட்டைத்தான் உழைத்துப் படித்திருந்தான். அதைத் திறக்கும் யூனிட்டை விடச் சொல்லி யாரோ அவனுக்கு யோசனை சொல்லியிருக்கிறார்கள். அடுத்த முறை தேறிவிட்டான். ஆனால் அதற்குள் வளாக நேர்முகத் தேர்வுகள் வந்து போய்விட்டன, அரியர் நிலுவையில் இருந்ததால் அவன் பெயர் பட்டியலில் சேரவில்லை. இன்னொருவர் சொன்ன ஒரு வரி யோசனைக்கு இவ்வளவு விலை கொடுக்க வேண்டுமா என்று எனக்கு இன்றும் ஆறவில்லை.

சரி, ஐந்தையும் முழுதாகப் படிக்க நேரமே இல்லை என்றால்? அப்போதும் யூனிட்டை விடாதீர்கள். யூனிட்டுக்குள் ஒரு வகைக் கணக்கையாவது பிடித்துக்கொள்ளுங்கள். ஃபூரியர் தொடரில் ஹார்மானிக் அனாலிசிஸ் இருக்கிறது, தொகையிடலே கிடையாது, அட்டவணை போட்டுக் கால்குலேட்டரில் கூட்டினால் போதும். முதல் செமஸ்டர் தாளில் அணிகளுக்குக் கேலி–ஹாமில்டன், பலமாறிச் சார்புகளுக்குப் பெருமம் சிறுமம், கடைசி யூனிட்டுக்குத் தொகையிடல் வரிசையை மாற்றுவது. பதினாறு மதிப்பெண் கேள்வி பெரும்பாலும் எட்டும் எட்டுமாகப் பிரிந்து வரும், ஓர் எட்டாவது கைக்கு வரும். அப்புறம் அந்த யூனிட்டின் இரண்டு மதிப்பெண் கேள்விகளுக்கு வரையறைகளையும் சூத்திரங்களையும் படியுங்கள். இதற்கெல்லாம் ஒரு மாலை நேரம் போதும்.

கால்குலேட்டர் டிகிரியில் இருப்பது

இரண்டாம் செமஸ்டரில் நியூட்டன்–ராப்சன் முறையில் 3x = cos x + 1 என்ற சமன்பாடு வரும். விடை 0.6071. கால்குலேட்டர் டிகிரியில் இருந்தால் 0.6666 வரும். தவறான விடையும் ஒழுங்காக ஒருங்குவதால் சந்தேகமே வராது. கேள்வித்தாளைப் பிரிப்பதற்கு முன் ரேடியனுக்கு மாற்றுங்கள்.

படிகளை மனதிலேயே போடுவது

மதிப்பெண் படிக்குப் படி. சூத்திரத்தை எழுதாமல் எண்களைப் போடாதீர்கள்.

வருகைப் பதிவு

75 சதவீதம் வேண்டும். உடல்நலக் காரணத்துக்குச் சான்று இருந்தால் 65 வரை தளர்வு கேட்கலாம். அதற்கும் கீழே போனால் அந்தச் செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும்.

நகல் வாங்காமல் மறுமதிப்பீடு கேட்பது

முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும், பிறகுதான் மறுமதிப்பீடு. இரண்டுக்கும் தருகிற நாட்கள் குறைவு. நகல் வந்ததும் கூட்டலைச் சரிபாருங்கள், திருத்தாமல் விட்ட பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள், அன்றைக்கே பாட ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.