போர்வெல் தண்ணீரில் உலோகம் பார்க்கப் போகிறீர்களா? முதலில் வடிகட்டு, பிறகு அமிலம்

வடசென்னையில் மணலி, எர்ணாவூர், தண்டையார்பேட்டை பக்கம் போர் தண்ணீரை லேபுக்குக் கொண்டுபோகிறவர்களுக்காக இது. லேப் மெஷின் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், பாட்டிலுக்குள் மாறிப்போன தண்ணீரை அதனால் சரிசெய்ய முடியாது.

பாட்டில்: லேப் கழுவித் தரும் 500 மில்லி பாலித்தீன் பாட்டில் இரண்டு. கடையில் வாங்கிய குடிநீர் பாட்டில் வேண்டவே வேண்டாம். பவுடர் பூசிய கையுறையில் துத்தநாகம் இருக்கலாம். நைட்ரைல் கையுறையே நல்லது.

பிடிக்கும் இடம்: சம்புக்கும் மேல்தொட்டிக்கும் போகும் முன், மோட்டாரை ஒட்டிய குழாயில். போருக்குள் தேங்கிய பழைய தண்ணீர் முதலில் வெளியேற வேண்டும். நாலரை இஞ்ச் போரில் மீட்டருக்குச் சுமார் 10 லிட்டர் நிற்கும். 20 மீட்டர் தண்ணீர் என்றால் 200 லிட்டர். அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஓடட்டும். வீணாக்காமல் சம்பில் விட்டுக்கொள்ளுங்கள்.

வடிகட்டல்: பெரும்பாலும் தப்பு நடப்பது இங்கேதான். பிடிக்கும்போது தெளிவாக இருந்து, வாளியில் நின்றதும் மஞ்சளிக்கிறதா? கரைந்திருந்த இரும்பு காற்றுப் பட்டுத் துருத் துகளாகிறது. ஆர்செனிக், ஈயம் இருந்தால் அவற்றையும் இழுத்துக்கொண்டு அடியில் உட்காரும். வீட்டுக்குப் போய் வடிகட்டினால் அத்தனையும் ஃபில்டரில் சிக்கிவிடும். ரிப்போர்ட்டில் அளவு குறைந்து வரும். அமிலம் விட்டபின் வடிகட்டினாலோ, மண் துகளில் ஒட்டியிருந்த உலோகமும் கரைந்து அளவு கூடிவிடும்.

அதனால் குழாயடியிலேயே 0.45 மைக்ரான் ஃபில்டரை 50 மில்லி சிரிஞ்சில் மாட்டி வடிகட்டுங்கள். முதல் 20 மில்லியைக் கொட்டிவிடுங்கள். அடைத்துக்கொண்டால் அழுத்தாதீர்கள், ஃபில்டரை மாற்றுங்கள். வேக்குவம் பம்பைவிட இதுவே எனக்குப் பிடித்தது: காற்று குறைவாகப் படும், கரண்டும் தேவையில்லை. இந்த பாட்டில் கரைந்த உலோகத்துக்கு. வடிகட்டாத இன்னொன்று மொத்த உலோகத்துக்கு.

அமிலம்: உலோகம் கரைந்த நிலையிலேயே நிற்க, இரண்டிலும் அடர் நைட்ரிக் அமிலம் சுமார் 0.75 மில்லி. பிஎச் (அமிலத்தன்மை அளவு) 2-க்குக் கீழே இறங்க வேண்டும். உப்புத் தண்ணீருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படலாம். பிஎச் தாளைப் பாட்டிலுக்குள் முக்காதீர்கள், ஒரு சொட்டைத் தாளில் விட்டுப் பாருங்கள். பழக்கமில்லாதவர்கள் அமிலம் விட்ட பாட்டிலையே லேபில் கேட்டு வாங்குங்கள். அதை அலசவோ வழியவிடவோ கூடாது.

கிருமிப் பரிசோதனைக்கு இதே பாட்டில் ஆகாது. கிருமிநீக்கிய பாட்டில், அமிலம் இல்லாமல், மேலே 2.5 செ.மீ. இடம் விட்டு, ஐஸில் வைத்து 6 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் நேரத்தையும் கணக்கில் வைத்துக் கிளம்புங்கள். 2013இல் தண்டையார்பேட்டையில் வந்ததுபோல எண்ணெய் வாடை அடித்தால், எண்ணெய்க்குத் தனிக் கண்ணாடி பாட்டில். அதைப் பிடிக்கும் தண்ணீரால் அலசாதீர்கள், அலசினால் எண்ணெய் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

பின்சேர்ப்பு: காசிமேடு மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக. ஆனால் உருகும் தண்ணீர் மூடி வழியாக உள்ளே போகும்; ஒவ்வொரு பாட்டிலையும் ஜிப் கவரில் மூடி, நிமிர்த்தி வையுங்கள். லேபிளை மூடியில் ஒட்டாதீர்கள், பாட்டில் உடம்பில் ஒட்டுங்கள். லேபில் மூடிகள் இடம் மாறும்.